சொந்தமா, வழிவந்ததா? ஜாவாஸ்கிரிப்ட் முன்மாதிரிகளின் வரலாறு

ஆங்கிலத் தரவகம் ஒன்றில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என எண்ணுவதற்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சிறு நிரல் ஒன்று எழுதப்படுவதாகக் கொள்வோம். முதலில் ஒரு வெற்றுப் பொருள் உருவாக்கப்படுகிறது. ஒரு சொல் வரும்போது அப்பெயரில் அப்பொருளில் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. இருந்தால் அதனோடு ஒன்று கூட்டப்படுகிறது, இல்லையெனில் 1 என இடப்படுகிறது. பல இலட்சம் சொற்கள்வரை கணக்கு பிழையின்றி வரும். ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே மட்டும் எண்ணுக்குப் பதிலாக ஒரு செயற்கூற்றின் உரைவடிவமும் அதன் வாலில் ஒட்டிய 1 என்னும் இலக்கமும் நிற்கும். அச்சொல் மூன்று முறை வந்திருந்தால் வாலில் 111 இருக்கும்.

இதற்குக் காரணம், வெற்று எனத் தோன்றிய பொருள் உண்மையில் வெற்றாக இல்லாமையே. அதன் பின்னே ‘ஆப்ஜெக்ட்.புரோட்டோடைப்’ என்னும் மூதாதைப் பொருள் ஒன்று நிற்கிறது. கேட்ட பெயர் தன்னிடம் இல்லாதபோது பொருள் அந்த மூதாதையிடம் கேட்டு விடை தருகிறது. விடை எங்கிருந்து வந்தது என்று சொல்வதில்லை. மூதாதையிடம் உள்ள பெயர்களுள் அன்றாட ஆங்கிலச் சொல்லாகவும் இருப்பது ‘கன்ஸ்ட்ரக்டர்’ ஒன்றே. ஃபயர்பாக்ஸ் உலாவியில் நெடுங்காலம் ‘வாட்ச்’ என்னும் பெயரும் அங்கிருந்து, பின்னர் நீக்கப்பட்டது. தமிழ் எழுத்தில் மட்டும் அமைந்த தரவகத்தை எண்ணுபவர் இப்பிழையைக் காணவே மாட்டார். மூதாதையின் பெயர்கள் யாவும் உரோமன் எழுத்தில் உள்ளவை. ஆங்கிலம் கலந்த சமூக ஊடகத் தரவை எண்ணுபவர் காணக்கூடும்.

ஒரு பண்பு பொருளுக்குச் சொந்தமானதா, வழிவந்ததா என்னும் கேள்வியை நேரடியாகக் கேட்பதற்கு இம்மொழி தொடக்கத்தில் இடம் தரவில்லை. கேட்கும் வழிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து முடிய 1995 முதல் 2022 வரை ஆயிற்று. அக்கேள்வியின் வரலாறு கணிப்பொறி அறிவியலுக்கு மட்டும் உரியதன்று. வகைப்பாடு பற்றி மெய்யியலும் மொழியியலும் நடத்திய பழைய விவாதமும் அதில் கலந்துள்ளது.

1. வரையறையும் எடுத்துக்காட்டும்

‘பறவை என்றால் என்ன?’ என்ற வினாவுக்கு இரண்டு வகையில் விடை கூறலாம். இறகு உடையது, முட்டையிடுவது என நிபந்தனைகளை அடுக்கி வரையறுப்பது ஒரு வழி. மரத்தில் அமர்ந்திருக்கும் ஒரு பறவையைச் சுட்டி ‘இதைப் போன்றது’ என்பது மற்றொரு வழி. முதல் வழி அரிஸ்டாட்டிலின் மரபைச் சார்ந்தது. 1953இல் வெளிவந்த ‘மெய்யியல் ஆய்வுகள்’ நூலில் விட்கன்ஸ்டைன் ‘விளையாட்டு’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஒரு நிபந்தனையைக் காண இயலாது, ஒரு குடும்பத்தாரின் முகச்சாயல் போல ஒன்றோடொன்று பின்னிய ஒற்றுமைகளே உள்ளன என்று காட்டினார். 1970களில் பெர்க்லியில் பணியாற்றிய உளவியலாளர் எலினார் ரோஷ் அதைச் சோதனைகளால் அணுகினார். மக்கள் மனத்தில் ஒரு வகையின் உறுப்புகள் யாவும் சமமானவை அல்ல. அமெரிக்க மாணவர்களுக்கு ராபின் நல்ல பறவை, பென்குவின் விளிம்பில் நிற்கும் பறவை. வகையின் நடுவில் நிற்கும் உறுப்பை அவர் முன்மாதிரி என்று அழைத்தார். பொருண்மையியல் பாடத்தில் மாணவர் இன்று பயிலும் முன்மாதிரிக் கோட்பாடு இதுவே.

நிரலாக்க வரலாற்றிலும் இவ்விரு வழிகள் உண்டு. ஆஸ்லோவில் உள்ள நார்வேக் கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 முதல் வழியைத் தேர்ந்தது. அங்கே முதலில் வகுப்பு எழுதப்படும். பொருள்கள் அவ்வகுப்பின் வார்ப்பில் பிறக்கும். பின்னர் வந்த சி++, ஜாவா ஆகியவை இவ்வழியில் வந்தவை. இரண்டாம் வழிக்கு அதனினும் சற்று முந்திய சான்று உண்டு. ஐவன் சதர்லாந்து 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வின் விளைவான ஸ்கெட்ச்பேட் என்னும் வரைகலை முறைமையில், ஒரு மூலப்படத்தை வரைந்து அதன் படிகளைப் பல இடங்களில் வைக்கலாம். மூலப்படத்தைத் திருத்தினால் படிகள் அனைத்திலும் மாற்றம் தெரியும். மூலப்படம் என்பது படங்களைப் பற்றிய வரையறை அன்று. அதுவும் ஒரு படமே.

2. யானையும் ஆர்லாண்டோ உடன்பாடும்

1986இல் ஹென்றி லீபர்மன் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இவ்வழிக்குத் தெளிவான கோட்பாட்டு வடிவம் தந்தது. கிளைடு என்னும் யானையை ஒருவர் அறிந்திருக்கிறார். ஃபிரெட் என்னும் மற்றொரு யானையைப் பற்றிக் கேட்டால், மாறான செய்தி கிடைக்கும்வரை கிளைடைப் போன்றதே ஃபிரெட் எனக் கருதிக்கொள்வார். யானை என்னும் கருத்தினத்தின் வரையறை அவருக்கு முதலில் தேவைப்படுவதில்லை. நிரலில் இதைச் செய்வதற்கு அவர் கூறிய உத்தி ஒப்படைப்பு: தனக்குத் தெரியாத வினாவை ஃபிரெட் கிளைடிடம் அனுப்பிவிடும், தான் வேறுபடும் பண்புகளை மட்டும் தன்னிடம் வைத்திருக்கும்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வமைப்பு அயலானதாகத் தோன்றாது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் ஆகார ஈற்றுச் சொற்கள் அகர ஈற்றின் இயல்பையே பெறும் என ஒரு நூற்பா சுட்டிவிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் பின்வரும் நூற்பாக்கள் கூறுகின்றன. இவ்வாறு முன்னர்ச் சொன்னதன்மேல் ஏற்றிச் சொல்வதை உரையாசிரியர்கள் மாட்டேறு என்பர். இது ஒப்புமை மட்டுமே. லீபர்மனுக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. எனினும் இலக்கண விவரிப்பில் இயல்புநிலை மரபுரிமைக்கு உள்ள பயன் கணிப்பொறிக்கு முற்பட்டது என்பதை இது காட்டுகிறது. நவீன மொழியியலில் ரோஜர் எவன்சும் ஜெரால்டு காஸ்டரும் 1989இல் முன்வைத்த டேட்டர் என்னும் அகராதி அறிவு மொழி இதே கருத்தை வெளிப்படையாகப் பயன்படுத்தியது. ஆங்கில வினைகளின் இறந்தகால விகுதி பொது வினை முனையில் ஒருமுறை எழுதப்படும்; ஒழுங்கற்ற வினைகள் தம் வடிவத்தைத் தாமே வைத்துக்கொண்டு பொதுவிதியை மறைக்கும்.

லீபர்மன் எழுதிய அதே காலத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் டேவிட் அங்கரும் ராண்டல் ஸ்மித்தும் செல்ஃப் என்னும் மொழியை வடிவமைத்தனர். 1987இல் அது குறித்த கட்டுரை வெளிவந்தது. அவர்களை இயக்கியது அறிதல் உளவியலைவிட எளிமை பற்றிய நாட்டமே. ஸ்மால்டாக் மொழியில் பொருள், அப்பொருளின் வகுப்பு, அவ்வகுப்பின் வகுப்பு என ஏறிக்கொண்டே போகும் அடுக்கை நீக்கிப் பொருள் ஒன்றை மட்டும் வைத்தனர். புதிய பொருள் வேண்டுமெனில் இருக்கும் பொருளைப் படியெடுக்க வேண்டும். பகிர்ந்த செயல்கள் பெற்றோர் எனக் குறிக்கப்பட்ட வேறு பொருள்களிடம் இருக்கும். ஒரு பொருளுக்குப் பெற்றோர் பலர் இருக்கலாம்.

ஆனால் செல்ஃப் மொழியிலேயே ஒரு முரண் தோன்றியது. பல பொருள்களுக்கும் பொதுவான செயல்களைத் தனியே தொகுத்து வைக்கும் பொருள்களை நிரலாளர்கள் உருவாக்கத் தொடங்கினர். அவை எதையும் எடுத்துக்காட்டுவதில்லை. மற்றவற்றின் பொதுக் களஞ்சியமாக மட்டும் நிற்கின்றன. வகுப்பு என்ற பெயர் நீங்கியபோதும் அதன் பணி நீங்கவில்லை. 1987இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் நடந்த ஊப்ஸ்லா மாநாட்டில் லின் ஸ்டைன், லீபர்மன், அங்கர் ஆகிய மூவரும் கூடிப் பேசியதன் விளைவாக ‘ஆர்லாண்டோ உடன்பாடு’ என்னும் கட்டுரை பிறந்தது. இரு தரப்பும் இரண்டு அடிப்படை உத்திகளையே வெவ்வேறு அளவில் கலக்கின்றன என்று அது கண்டது. ஒன்று வார்ப்பு, ஒரு பொருளைப் போல இன்னொன்றை ஆக்குவது. மற்றொன்று பரிவு, ஒரு பொருள் இன்னொன்றின் செயலைத் தன் செயலாகக் கடன் கொள்வது. எது சிறந்தது என்பது பணியைப் பொறுத்தது என அவ்விவாதம் அங்கே ஓரளவு அடங்கியது.

3. பத்து நாள்கள், ஒற்றைப் பெற்றோர்

1995 ஏப்ரலில் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் சேர்ந்தார். உலாவிக்குள் ஸ்கீம் மொழியைக் கொண்டுவரலாம் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தவருக்குப் பின்னர்க் கிடைத்த கட்டளை வேறு: மொழி பார்வைக்கு ஜாவாவைப் போல இருக்க வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்சோடு ஜாவாவை உலாவியில் சேர்க்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்த காலம் அது. சிறிய துணைமொழிக்கும் வகுப்புகள் இருந்தால் அது ஜாவாவுக்குப் போட்டியாகத் தோன்றும். எனவே ஐக் தொடரமைப்பை ஜாவாவிடமிருந்தும், செயற்கூறுகளை மதிப்புகளாகக் கையாளும் முறையை ஸ்கீமிடமிருந்தும், முன்மாதிரியைச் செல்ஃபிடமிருந்தும் எடுத்தார். மே மாதத்தில் பத்து நாள்களில் முதல் வடிவம் ஆயிற்று. மோக்கா என உள்ளே வழங்கிய அம்மொழி செப்டம்பரில் லைவ்ஸ்கிரிப்ட் ஆகி, டிசம்பர் 4 அன்று நெட்ஸ்கேப், சன் ஆகியவற்றின் கூட்டறிவிப்பில் ஜாவாஸ்கிரிப்ட் ஆயிற்று. அப்போது செல்ஃப் ஆய்வுக்குழு சன் நிறுவனத்தின் ஆய்வகத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தது, அதன் 4.0 பதிப்பு அதே ஆண்டு சூலையில் வெளிவந்தது. சன் தன் ஜாவாவின் பெயரை வழங்கிய மொழிக்குள் இருந்த முன்மாதிரிக் கருத்து, அதே சன் வளர்த்துவந்த செல்ஃப் மொழியினுடையது.

எடுத்துக்கொண்டதில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, பெற்றோர் பலர் என்பது ஒருவர் என்றாயிற்று. ஒவ்வொரு பொருளும் ஒரே ஒரு முன்மாதிரியைச் சுட்டும். அது தன் முன்மாதிரியைச் சுட்டும். இவ்வாறு நீளும் சங்கிலி இறுதியில் ‘நல்’ என்னும் இன்மையில் முடியும். இரண்டாவது மாற்றமே பெருங்குழப்பத்துக்கு வித்திட்டது. ஜாவாவைப் போலத் தோன்ற வேண்டியிருந்ததால் ‘நியூ’ என்னும் குறிச்சொல்லோடு ஆக்கச் செயற்கூறு ஒன்றை அழைத்துப் பொருளை உருவாக்கும் வழக்கம் புகுந்தது. முன்மாதிரியாக நிற்கும் பொருள், அச்செயற்கூற்றின் ‘புரோட்டோடைப்’ என்னும் பண்பில் வைக்கப்பட்டது. இவ்வசதி 1996இல் நெட்ஸ்கேப் 3.0உடன் வந்த ஜாவாஸ்கிரிப்ட் 1.1இல் நிரலாளருக்குக் கிடைத்தது.

இங்கே ஒரு சொல் இரு பொருள் தாங்குகிறது. செயற்கூற்றின் ‘புரோட்டோடைப்’ பண்பில் இருப்பது அச்செயற்கூற்றின் முன்மாதிரி அன்று. அச்செயற்கூறு இனி ஆக்கப்போகும் பொருள்களின் முன்மாதிரி. செயற்கூறும் ஒரு பொருளே என்பதால் அதற்குத் தனியே ஒரு முன்மாதிரி உண்டு. அது ஒரு மறை இணைப்பு. தரநிலை ஆவணம் இந்த மறை இணைப்பை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதி வேறுபடுத்துகிறது. பேச்சுவழக்கில் வேறுபாடு மறைந்துவிடுகிறது. ரோஷின் முன்மாதிரியோ மூன்றாவது பொருளில் வருவது. அது வகையின் நடுவில் நிற்கும் உறுப்பு; உறுப்புகளை அதனோடு ஒப்பிட்டு மதிப்பிடலாம். ஜாவாஸ்கிரிப்ட்டின் முன்மாதிரி ஒப்பீட்டுக்கு உரியதன்று. விடை இல்லாதபோது நாடப்படும் இடம். அறிதல் மொழியியலிலிருந்து நேராக நிரலாக்கத்துக்கு வந்த கருத்தாக இதை எடுத்துரைப்போர் இந்த வேறுபாட்டைக் கருத வேண்டும்.

4. கேட்க வழியில்லாத கேள்வி

சங்கிலியின் இயக்கத்தில் ஒரு சமச்சீரின்மை உண்டு. பண்பைப் படிக்கும்போது தேடல் சங்கிலி முழுவதும் ஏறும். பண்பை எழுதும்போது பொதுவாக அது அப்பொருளிலேயே, சொந்தப் பண்பாக, அமையும். முன்மாதிரியில் உள்ள அதே பெயருடைய பண்பு அழிவதில்லை, மறைக்கப்படுகிறது. சொந்தப் பண்பை நீக்கினால் மறைந்திருந்தது மீண்டும் தெரியும். ஆனால் முன்மாதிரியில் ஓர் அணி இருந்து, ஒரு பொருளின் வழியாக அந்த அணிக்குள் ஓர் உறுப்பு சேர்க்கப்பட்டால், எழுதுதல் நிகழவில்லை. பகிர்ந்த அணியே மாறுகிறது. அதே முன்மாதிரியைச் சுட்டும் எல்லாப் பொருள்களிலும் அம்மாற்றம் தெரிகிறது. சொந்தம் எது, வழிவந்தது எது என அறியாமல் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

1997 சூனில் வெளிவந்த எக்மா-262 தரநிலையின் முதற்பதிப்பில் இதை அறிவதற்கான கருவி இல்லை. பண்பைப் படித்து, வரையறுக்கப்படாத மதிப்பு கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அதனால் சொந்தம், வழிவந்தது என்ற வேறுபாடு தெரியாது. பண்பு இருந்தும் அதன் மதிப்பே வரையறுக்கப்படாதது என்றால் அதுவும் தெரியாது. நெட்ஸ்கேப் தன் உலாவியில், முன்னும் பின்னும் இரட்டை அடிக்கீறு இட்ட ‘புரோட்டோ’ என்னும் பெயரால் மறை இணைப்பை வெளிக்காட்டியது. தரநிலை அதை ஏற்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் உலாவி அதை 2013இல் வந்த 11ஆம் பதிப்பில்தான் ஏற்றது.

1999 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பே கேள்விகளுக்குச் சொற்களைத் தந்தது. ‘இன்’ என்னும் செயற்குறி, பெயர் சங்கிலியில் எங்கேனும் உள்ளதா என்று கேட்கும். ‘ஹேஸ்-ஓன்-பிராப்பர்ட்டி’ அப்பொருளில் மட்டும் உள்ளதா என்று கேட்கும். ‘ஈஸ்-புரோட்டோடைப்-ஆஃப்’ ஒரு பொருள் மற்றொன்றின் சங்கிலியில் நிற்கிறதா என்று கேட்கும். ‘இன்ஸ்டன்ஸ்-ஆஃப்’ ஓர் ஆக்கச் செயற்கூற்றின் ‘புரோட்டோடைப்’ பண்பில் தற்போது உள்ள பொருள் அச்சங்கிலியில் இருக்கிறதா என்று கேட்கும்.

கடைசியாகச் சொன்னது பெயரால் மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. இப்பொருள் இவ்வகுப்பின் உறுப்பா என்று அது கேட்பதாகத் தோன்றும். உண்மையில் அது பொருளின் பிறப்பையும் ஆராய்வதில்லை, இயல்பையும் ஆராய்வதில்லை. கேட்கும் கணத்தில் சங்கிலி எப்படி உள்ளது என்பதை மட்டும் பார்க்கிறது. செயற்கூற்றின் ‘புரோட்டோடைப்’ பண்பில் வேறொரு பொருள் வைக்கப்பட்டால், முன்னர் அச்செயற்கூறு ஆக்கிய பொருள்கள் அதன் உறுப்புகள் அல்ல என விடை வரும். ஒரு வலைப்பக்கத்துள் அமைந்த சட்டகத்துக்கு அதற்கென ஒரு தனி ‘அரே’ செயற்கூறு உண்டு. எனவே அங்கே பிறந்த அணியை வெளிப்பக்கத்தில் சோதித்தால் அது அணியன்று என்ற விடையே கிடைக்கும். இதற்காகவே 2009இல் அணியா என்று மட்டும் கேட்கும் தனிச் செயற்கூறு தரநிலையில் சேர்க்கப்பட்டது.

5. மூதாதையில் எழுதியவர்கள்

2005இல் சாம் ஸ்டீஃபன்சன் வெளியிட்ட நிரல் நூலகத்தின் பெயரே புரோட்டோடைப் என்பதாகும். மொழியில் இல்லாத வசதிகளை ‘அரே.புரோட்டோடைப்’ போன்ற உள்ளமைந்த மூதாதைப் பொருள்களில் நேரே சேர்ப்பது அதன் உத்தி. ஒருமுறை சேர்த்தால் பக்கத்தில் உள்ள எல்லா அணிகளும் அவ்வசதியைப் பெறும். பெயர்களை வரிசையாக எடுத்துத் தரும் ‘ஃபார்-இன்’ சுழலோ வழிவந்த பண்புகளையும் தருவது. ஓர் அணியின் உறுப்புகளை அச்சுழலால் எடுத்த பழைய நிரல்களில், உறுப்புகளோடு புதிய வசதிகளின் பெயர்களும் வந்து நின்றன. சுழலுக்குள் ‘ஹேஸ்-ஓன்-பிராப்பர்ட்டி’ கொண்டு வடிகட்டுவது எழுதப்படாத விதியாயிற்று. டக்ளஸ் கிராக்ஃபோர்டு உருவாக்கிய ஜேஎஸ்லிண்ட் என்னும் சோதனைக் கருவி அவ்வடிகட்டல் இல்லாத சுழல்களைக் குறையாகச் சுட்டியது.

கிராக்ஃபோர்டு 2006இல் வேறொன்றையும் முன்மொழிந்தார். ‘நியூ’ என்னும் ஜாவா வேடத்தை விலக்கி, ஒரு பொருளைக் கொடுத்தால் அதை முன்மாதிரியாகக் கொண்ட புதுப்பொருளைத் தரும் சிறு செயற்கூறு அது. வகுப்புகளைச் சேர்க்க முயன்ற நான்காம் பதிப்பு 2008இல் கைவிடப்பட்டது. 2009 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு அச்செயற்கூற்றை ‘ஆப்ஜெக்ட்.கிரியேட்’ என ஏற்றது. மறை இணைப்பைப் படிக்க ‘கெட்-புரோட்டோடைப்-ஆஃப்’ என்னும் வழியையும், சுழலில் வெளிப்படாத பண்புகளை அமைக்கும் வழியையும் தந்தது. மொழி பிறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகே, ‘உன் முன்மாதிரி யார்?’ என்று எந்தப் பொருளையும் தரநிலைப்படி கேட்க முடிந்தது.

மூதாதையில் எழுதியதன் விளைவு 2018இலும் தொடர்ந்தது. அணிகளைத் தட்டையாக்கும் வசதிக்கு ‘ஃபிளாட்டன்’ என்று பெயரிடத் தரநிலைக் குழு எண்ணியிருந்தது. மூட்டூல்ஸ் என்னும் பழைய நூலகம் அதே பெயரில் தன் வசதியை ‘அரே.புரோட்டோடைப்’பில் முன்பே எழுதிவந்தது. பின் அங்குள்ள பெயர்களை ‘ஃபார்-இன்’ சுழலால் எடுத்து வேறொரு முன்மாதிரிக்குப் படியெடுத்தது. உலாவியே அப்பெயரில் ஒரு பண்பைத் தந்துவிட்டால், அப்பண்பு சுழலில் வெளிப்படாத தன்மையோடு இருக்கும். நூலகம் அதன்மேல் எழுதினாலும் அத்தன்மை மாறாது. படியெடுத்தல் அதைத் தவறவிடும். ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் ஒரு தளம் செயலிழந்தபோது இது வெளிப்பட்டது. பழைய வலைப்பக்கங்களை முறிக்கலாகாது என்பதால் பெயர் ‘ஃபிளாட்’ என மாற்றப்பட்டு 2019 பதிப்பில் இடம்பெற்றது. பல ஆண்டுகளுக்கு முன் நூலகம் ஒன்று மூதாதைப் பொருளில் எழுதிய பெயர், உலகத் தரநிலையின் சொல்லாட்சியைத் தீர்மானித்தது.

6. வகுப்பின் மீள்வரவு

2015 சூனில் வந்த ஆறாம் பதிப்பு ‘கிளாஸ்’ என்னும் தொடரமைப்பைச் சேர்த்தது. அதன் அடியில் ஓடுவது அதே முன்மாதிரிச் சங்கிலி; எழுத்து வடிவம் மட்டும் பெரிதும் மாறியது. அதே பதிப்பு, நெட்ஸ்கேப்பின் அடிக்கீறிட்ட பெயரையும் உலாவிகளுக்கான பின்னிணைப்பில் ஏற்றுக்கொண்டது. பெயர்–மதிப்பு இணைகளைச் சேமிப்பதற்கென முன்மாதிரித் தொல்லையற்ற ‘மேப்’ என்னும் அமைப்பும் அப்போதே வந்தது.

வகுப்பு இயந்திரத்தின் உள்ளே அதற்கு முன்பே திரும்பியிருந்தது. முன்மாதிரி மொழி மெதுவாக ஓடும் என்ற குறையை நீக்க, கிரெய்க் சேம்பர்ஸ், அங்கர், எல்ஜின் லீ ஆகியோர் 1989இல் செல்ஃப் மொழிக்கு ஓர் உத்தியை வகுத்தனர். ஒரே அமைப்புடைய பொருள்களுக்குப் பொதுவான வரைபடம் ஒன்றை இயந்திரம் தானே மறைவாக உருவாக்கிக்கொள்ளும். செல்ஃப் குழுவில் பணியாற்றிய லார்ஸ் பாக் பின்னாளில் கூகுளில் வி8 இயந்திரத்தை வழிநடத்தினார். 2008 செப்டம்பரில் குரோம் உலாவியோடு வெளிவந்த வி8இல் இவ்வுத்தி மறைவகுப்பு என்னும் பெயரில் இடம்பெற்றது. நிரலாளர் கண்ணுக்கு வகுப்பில்லாத மொழி, விரைவாக ஓடுவதற்கு உள்ளே வகைப்படுத்துகிறது. ஆர்லாண்டோவில் மூவர் கூறிய கலப்பு இங்கே ஒரே நிரலின் இரு தளங்களில் நிகழ்கிறது.

7. நஞ்சூட்டப்பட்ட மூதாதை

2018இல் ஒலிவியே ஆர்டோ மான்ட்ரியலில் நடந்த நார்த்செக் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வு, பழைய கேள்வியைப் பாதுகாப்புக் கேள்வியாக மாற்றியது. பல நிரல்கள் வெளியிலிருந்து வரும் ஜேசன் தரவை ஒரு பொருளோடு அடுக்கடுக்காக இணைக்கின்றன. வரும் தரவில், அடிக்கீறிட்ட ‘புரோட்டோ’ என்பதே ஒரு பெயராக இருந்தால் என்ன நிகழும்? தரவில் அது சொந்தப் பண்பு. இணைக்கும் நிரல் அதே பெயரை இலக்குப் பொருளில் படிக்கும்போது கிடைப்பதோ, பொதுவான மூதாதை. பின்னர் நிகழும் எழுதுதல் அம்மூதாதையின் மேல் நிகழ்கிறது. ‘மேலாளரா’ என்னும் பண்புக்கு ‘ஆம்’ என்னும் மதிப்பைத் தாக்குபவர் இவ்வழியில் புகுத்திவிட்டால், அப்பண்பைச் சொந்தமாகக் கொண்டிராத எல்லாப் பொருள்களும் அன்று முதல் ‘ஆம்’ என்றே விடை தரும். பெருவழக்கில் இருந்த லோடாஷ் நூலகத்திலும், ஜேக்குவெரி நூலகத்திலும் இக்குறை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. ஜேக்குவெரியின் திருத்தம் 2019 ஏப்ரலில் 3.4.0 பதிப்பாக வந்தது. தரவகக் கணக்கில் ஒரு சொல்லைக் கெடுத்த அதே இயக்கம், இங்கே அனுமதியற்றவருக்குக் கதவைத் திறக்கிறது.

சோதிக்கும் கருவிக்கும் இதே குறை உண்டு. ‘ஹேஸ்-ஓன்-பிராப்பர்ட்டி’ என்பதே மூதாதையிடமிருந்து வழிவருவது. ‘ஆப்ஜெக்ட்.கிரியேட்’டுக்கு ‘நல்’ கொடுத்து ஆக்கிய, மூதாதை இல்லாத பொருளிடம் அக்கேள்வியைக் கேட்டால் நிரல் முறியும். வெளித்தரவில் அதே பெயருள்ள பண்பு இருந்தால் சோதனைக்குரிய பொருளே சோதனையின் விடையைத் தீர்மானிக்கும். எனவே அனுபவமுள்ளோர் அச்செயற்கூற்றை மூதாதையிடமிருந்து நேரே எடுத்துப் பொருளின்மேல் ஏவும் நீண்ட தொடரை எழுதிவந்தனர். 2022 பதிப்பு ‘ஆப்ஜெக்ட்.ஹேஸ்-ஓன்’ என்பதைத் தந்தது. இதில் கேள்வி பொருளிடம் கேட்கப்படுவதில்லை. பொருளைப் பற்றிக் கேட்கப்படுகிறது. சாட்சியிடமே சாட்சியின் நம்பகத்தன்மையைக் கேட்கும் நிலை நீங்கியது.

8. மாணவர் கருத வேண்டியவை

இவ்வளவு கருவிகள் ஏன் என்ற வினாவுக்கு, இவை ஒரே கேள்வியின் பல வடிவங்கள் அல்ல என்பதே விடை. பண்பு கிடைக்குமா என்று அறிய ‘இன்’ போதும். பண்பு இப்பொருளில்தான் பதிந்துள்ளதா என்று அறிய ‘ஹேஸ்-ஓன்’ வேண்டும். நேர் முன்மாதிரி எது என்று அறிய ‘கெட்-புரோட்டோடைப்-ஆஃப்’. ஒன்று மற்றொன்றின் மூதாதையருள் ஒன்றா என்று அறிய ‘ஈஸ்-புரோட்டோடைப்-ஆஃப்’. ‘இன்ஸ்டன்ஸ்-ஆஃப்’ தரும் விடையை வகை பற்றிய முடிவாகக் கொள்ளாமல், சங்கிலியின் இன்றைய நிலை பற்றிய செய்தியாகக் கொள்ள வேண்டும். தரவை எண்ணுவதற்கும் தொகுப்பதற்கும் ‘மேப்’ அல்லது மூதாதையற்ற பொருளே தக்கது. வெளியிலிருந்து வரும் பெயர்களை ஒருபோதும் வெற்றுப் பொருள் எனத் தோன்றுவதில் நேராக இடலாகாது.

மொழியியல் மாணவருக்கு இவ்வரலாறு ஆய்வுமுறை பற்றிய ஒன்றையும் உணர்த்துகிறது. இயல்புநிலை மரபுரிமை சுருக்கத்தைத் தருகிறது. பொதுவிதி ஒருமுறையும் புறனடை தேவைப்படும் இடத்திலும் எழுதப்படுகின்றன. அச்சுருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. பெறப்பட்ட வடிவம், தான் பொதுவிதியால் வந்ததா, தனக்கென எழுதப்பட்டதா என்பதைத் தானே வெளிக்காட்டாது. இலக்கண உரைமரபில் உரையாசிரியர்கள், ஒரு வடிவம் எந்நூற்பாவால் முடிந்தது என்பதை இடந்தோறும் சுட்டிச் செல்வதன் தேவை இதனால் விளங்கும். கணிப்பொறிக்கான அகராதியோ உருபனியல் பகுப்பியோ உருவாக்குவோரும், ஒவ்வொரு விடையோடும் அது எந்த முனையிலிருந்து வந்தது என்னும் குறிப்பைச் சேமித்தால், பின்னர் வருவோர் அதைச் சோதிக்கவும் திருத்தவும் முடியும்.